சாவை மட்டும் சொல்லாதீர்கள்: குடிக்கு ஒருவரைப் பறிகொடுத்தவர்கள் பொதுவில் பேசத் தொடங்குவது எப்படி

என் அண்ணன் 2016ல் இறந்தபோது துக்கம் கேட்க வந்தவர்களிடம் நாங்கள் சொன்னது ஒரே சொல்: "மஞ்சக்காமாலை." அது பொய்யில்லை. கண்ணும் நகமும் மஞ்சளாகத்தான் இருந்தன. வயிறு நீர் கோத்துப் பெருத்திருந்தது. கடைசி ராத்திரி ரத்த வாந்தி எடுத்தார். ஆனால் 41 வயது ஆளுக்கு அந்தக் காமாலை எங்கிருந்து வந்தது என்று வந்தவர்களும் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. அதற்கு முந்தின மூன்று வருடத்தில் எங்கள் தெருவிலேயே இன்னும் இரண்டு பேர் அதே காமாலையில் போயிருந்தார்கள். அந்த வீடுகளுக்குப் போனபோது நாங்களும் கேட்டதில்லை.

2019ல் ஒரு கல்லூரியில் முதல்முறையாக இதை வாய்விட்டுச் சொன்னேன். அதற்கப்புறம் பள்ளிக்கூடங்கள், கிராம சபை, மகளிர் குழுக்கள், ஒரு சர்ச் ஹால் என்று பல இடங்கள். வீட்டில் ஒருவரைக் குடிக்கோ போதைக்கோ பறிகொடுத்தவர்கள், குடியிலிருந்து மீண்டவர்கள் என்று பலர் என்னிடம் கேட்கிறார்கள்: "நானும் பேசணும், எங்கே ஆரம்பிக்கிறது?" நான் டாக்டர் இல்லை, கவுன்சலரும் இல்லை. திண்டுக்கல் பக்கம் லேத் பட்டறையில் வேலை பார்த்த ஒருவரின் தம்பி. தப்புத்தப்பாகப் பேசிக் கற்றுக்கொண்டதை இங்கே சொல்கிறேன்.

1. பேசுகிற நிலையில் இருக்கிறீர்களா

கருமாதி முடிந்த கையோடு ஊரைக் கூட்டிக் கத்த வேண்டும் போல இருக்கும். கத்துங்கள், ஆனால் மைக் முன்னால் வேண்டாம். நம்பிக்கையான ஒரே ஒருவரிடம் முழுக் கதையையும் முதலிலிருந்து கடைசி வரை சொல்லிப் பாருங்கள். நடுவில் அழுதால் பரவாயில்லை. அன்றைக்கு ராத்திரி தூக்கம் வந்ததா, மறுநாள் வேலைக்குப் போக முடிந்ததா என்பதைத்தான் பார்க்க வேண்டும். இரண்டு மூன்று நாளைக்குச் சோறு இறங்கவில்லை என்றால் இன்னும் கொஞ்ச காலம் போகட்டும். வருஷத் திதி வரை பொறுத்திருப்பது நல்லது என்பது என் எண்ணம். எனக்கு அதைவிட அதிக காலம் பிடித்தது.

மீண்டு வந்தவர்களுக்கு இதில் ஒரு கண்டிப்பும் உண்டு. குடியை விட்டு மூன்று மாதம்தான் ஆகிறது, அதற்குள் மாலை போட்டு மேடையேற்றக் கூப்பிடுவார்கள். போகாதீர்கள். குடிநோயில் மறுபடி சறுக்குவது சகஜம், அது நோயின் போக்கு. ஆனால் ஆயிரம் பேர் முன்னால் "நான் ஜெயிச்சுட்டேன்" என்று சொன்னவர் சறுக்கினால், உதவி கேட்டு மறுபடி டாக்டரிடம் போக வெட்கம் விடாது. அப்படி வெட்கப்பட்டே டாக்டரிடம் போகாமல் செத்துப்போன ஒருவரை எனக்குத் தெரியும்.

அதுவரை பேசவே இடமில்லையா என்றால், இருக்கிறது. ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டங்களில் முதல் நாளே பேசலாம். 1935ல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் இரண்டு குடிநோயாளிகள் ஒருவருக்கொருவர் தங்கள் கதையைச் சொல்லிக்கொண்டதில் தொடங்கிய அமைப்பு அது. குடும்பத்தாருக்கென்று அல்-அனான் கூட்டங்கள் தனியாக உண்டு. அங்கே ஒருவர் பேசும்போது இன்னொருவர் குறுக்கிடுவதில்லை, புத்தி சொல்வதில்லை. பேசி முடித்ததும் டீ. பொதுவில் பேச அதைவிட நல்ல ஒத்திகை எனக்குத் தெரியாது.

2. இந்தக் கதையில் வேறு யாரெல்லாம் இருக்கிறார்கள்

நான் செய்த பெரிய தப்பு இங்கேதான். அந்தக் கல்லூரியில் பேசும்போது, அண்ணன் அண்ணியின் தாலிக்கொடியை அடகு வைத்ததைச் சொன்னேன். அரங்கமே அசையாமல் கேட்டது. பிரமாதமாகப் பேசிவிட்டோம் என்று நினைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். யாரோ ஒரு பையன் போனில் எடுத்தது, நான்கு நாளில் என் அண்ணன் மகளின் பள்ளிக்கூட வாட்ஸ்அப் வரைக்கும் போய்விட்டது.

அண்ணி வீட்டுக்கு வந்தார். உட்காரக்கூட இல்லை.

"தம்பி, அவரு உங்களுக்கு அண்ணன், நான் இல்லேங்கல. தாலிக்கொடி யாரோடது? அதச் சொல்ல உங்களுக்கு யாரு உரிமை குடுத்தா?"

பதில் சொல்ல என்னிடம் ஒன்றும் இருக்கவில்லை. ஒன்றரை வருடம் அண்ணி என்னோடு பேசவில்லை.

ஆகவே பேனாவை எடுத்ததும் கதையை எழுதாதீர்கள், பெயர்களை எழுதுங்கள். உங்கள் கதையில் வருகிற எல்லோரையும்: மனைவி, பிள்ளைகள், அம்மா, கடன் கொடுத்தவர், கூடக் குடித்தவர், மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடிய ஆட்டோக்காரர் வரைக்கும். குடும்பத்தார் ஒவ்வொருவரிடமும் அவர்கள் வருகிற பகுதியைப் படித்துக் காட்டுங்கள். வேண்டாம் என்று அவர்கள் சொல்வதை அடித்துவிடுங்கள். "ஏன்?" என்று கேட்க வேண்டாம். கேட்டால் அது அனுமதி கேட்பதாக இருக்காது, வாதாடுவதாகிவிடும். மற்றவர்களைக் கதையில் அடையாளம் தெரியாமல் ஆக்கிவிடுங்கள். கூடக் குடித்தவரின் மனைவி அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருக்கலாம்.

பிள்ளைகள் விஷயம் தனி. ஏழு வயதுக் குழந்தை "சரி" என்று தலையாட்டுவது சம்மதம் ஆகாது. குழந்தையின் பெயர், படம், பள்ளிச் சீருடை எதுவும் வெளியே போகக் கூடாது. பதின்வயதுப் பிள்ளை என்றால் கேளுங்கள், ஆறு மாதம் கழித்து இன்னொரு தரமும் கேளுங்கள். சிகிச்சையில் இருக்கும் ஒருவரைப் பற்றி என்றால் சட்டமே குறுக்கே நிற்கிறது. 2017ம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் மது, போதைப் பழக்கத்தால் வரும் மனநிலைப் பாதிப்புகளையும் தன் கணக்கில் சேர்த்துக்கொள்கிறது. சிகிச்சையில் இருப்பவரின் படத்தையோ விவரத்தையோ அவர் சம்மதம் இல்லாமல் ஊடகத்துக்குக் கொடுக்கக் கூடாது என்கிறது. மறுவாழ்வு மையத்துக்குள் போய் வீடியோ எடுக்கும் ஆர்வலர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

செத்துப்போனவரின் சம்மதத்தை எங்கே போய் வாங்குவது? எனக்கு ஒரு வழி இருக்கிறது. குடிக்காத நாளில் என் அண்ணன் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தால் இந்த வரியை அவர் முகத்தைப் பார்த்துச் சொல்வேனா என்று யோசிப்பேன். அவர் லேத்தில் எவ்வளவு நுணுக்கமாக வேலை செய்வார் என்பதை இப்போதெல்லாம் முதலில் சொல்கிறேன். பட்டறை ஓனரே நூல் பிசகினால் அண்ணனைத்தான் கூப்பிடுவார். அந்த ஆள்தான் செத்தார். "ஒரு குடிகாரன் செத்தான்" என்று தொடங்கினால் கேட்பவர் அப்போதே கதவைச் சாத்திவிடுகிறார்.

3. நடுவை எழுதுங்கள்

பேச வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் சாவிலிருந்து தொடங்கிச் சாவிலேயே முடிக்கிறார்கள். ஐசியூ, குழாய்கள், பிணவறை, தலையில் அடித்துக்கொண்ட அம்மா. கேட்பவர்கள் அழுவார்கள். அழுதுவிட்டு, "நாம அந்த அளவுக்கெல்லாம் போகமாட்டோம்" என்று எழுந்து போவார்கள். ஏனென்றால் நீங்கள் காட்டியது முடிவு. அவர்கள் இருப்பது தொடக்கத்தில், அல்லது நடுவில். அங்கே நின்றுகொண்டு அந்தப் பிணவறையை அடையாளம் கண்டுகொள்ள முடியாது.

அண்ணனின் குடி 11 வருடம் நீடித்தது. அந்த 11 வருடத்தைத்தான் எழுத வேண்டும். எழுத உட்காரும்போது என்னை நானே கேட்டுக்கொள்ளும் கேள்விகள் மூன்று. முதன்முதலில் எதைப் பார்த்தோம், பார்த்தும் அதற்கு என்ன பேர் வைத்தோம்? அவருக்காக யார் யாரிடம் என்ன பொய் சொன்னோம்? எந்த நாளில் வேறு மாதிரி நடந்திருக்கலாம்?

என் அம்மா அவருக்குக் காலைக் காப்பியை அரை டம்ளர்தான் ஊற்றுவார். முழு டம்ளர் கொடுத்தால் தளும்பும், கை அப்படி நடுங்கும். அந்த அரை டம்ளரையும் அண்ணன் இரண்டு கையாலும் பிடித்துத்தான் குடிப்பார். முதல் கட்டிங் உள்ளே போனதும் நடுக்கம் நின்றுவிடும். எங்கள் வீட்டில் அதற்குப் பேர் "நரம்புத் தளர்ச்சி". அதற்கு டானிக் வாங்கிக் கொடுத்தோம். பட்டறைக்குப் போன் போட்டு "காய்ச்சல்" என்று சொல்வது என் வேலை. ஒரே மாதத்தில் நான்கு காய்ச்சல் வந்ததுண்டு.

2012 கார்த்திகையில் அண்ணன் சபரிமலைக்கு மாலை போட்டார். வீடே குளிர்ந்தது. முதல் நாள் ஒரு சொட்டு இல்லை. இரண்டாம் நாள் ராத்திரி வலிப்பு வந்தது. மூன்றாம் நாள் சுவரில் பூச்சி ஊருகிறது என்று துடைத்துக்கொண்டே இருந்தார், எங்களை அடையாளம் தெரியவில்லை. சாமி குத்தம் என்றார்கள். மாலையைக் கழற்றினோம். பக்கத்து வீட்டுப் பெரியவர், "ஒரு கட்டிங் ஊத்துங்கப்பா, தெளிஞ்சுரும்" என்றார். நான்தான் போய் வாங்கி வந்தேன். தெளிந்துவிட்டார்.

தினமும் நிறையக் குடிக்கிற ஒருவர் சட்டென்று நிறுத்தினால் இரண்டு மூன்று நாளுக்குள் வலிப்பும் பிதற்றலும் வரலாம், அதில் உயிரே போகலாம், அதை மருத்துவமனையில் மாத்திரையும் ஊசியும் கொடுத்துத் தாண்ட வைக்க முடியும் என்பதெல்லாம் எனக்கு அவர் செத்து இரண்டு வருடம் கழித்துத்தான் தெரிந்தது. அண்ணன் தானாக முன்வந்து குடியை விட்ட ஒரே நேரம் அதுதான். சாமி மேல் பழியைப் போட்டு, நாங்களே திரும்ப ஊற்றிக் கொடுத்தோம்.

இந்தப் பகுதியைச் சொல்லும்போது யாரும் அழுவதில்லை. ஆனால் கூட்டம் முடிந்ததும் என்னைத் தேடி வருகிறவர்கள் இதைப் பற்றித்தான் கேட்கிறார்கள். "எங்க வீட்டுலயும் மாலை போட்டிருக்காருங்க, ரெண்டாவது நாளு." அப்படி ஒருவர் 2022ல் கேட்டார். பேச்சை அப்படியே நிறுத்திவிட்டு அவரை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம்.

எழுத்தில் தேறாதவர்கள் கவலைப்பட வேண்டாம். போனில் பேசிப் பதிவு செய்துகொண்டு கேளுங்கள், வேண்டாததை அடியுங்கள். மேடைக்கு 12 நிமிடம் போதும். சாவுக்கு அதில் ஒரு நிமிடம் கொடுங்கள்.

4. விட்டுவிட வேண்டியவை

"ஒரே நாளில் விட்டார்" என்ற அற்புதக் கதை முதலில் போகட்டும். கோயிலில் கயிறு கட்டினார், குடியே மறந்துபோனது என்று மேடையில் சொல்வது, கேட்கிறவர்களில் ஒருவரை என் அண்ணனின் இரண்டாம் நாள் ராத்திரிக்கு அனுப்பி வைக்கும். கயிறு கட்டட்டும், டாக்டரையும் பார்க்கட்டும்.

"அவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுங்கள்" என்று சுவரில் எழுதி வைத்திருக்கும் பொடிகளையும் சேர்த்துச் சொல்கிறேன். நாங்களும் சாம்பாரில் கலந்திருக்கிறோம். குடியை வெறுக்க வைக்கும் டைசல்ஃபிராம் மாதிரி மருந்துகள் இருப்பது உண்மை. அது உள்ளே இருக்கும்போது குடித்தால் முகம் சிவந்து, வாந்தி எடுத்து, ரத்த அழுத்தம் விழுந்து உயிருக்கே ஆபத்தாகலாம். அதனால்தான் நோயாளிக்குத் தெரிந்து, டாக்டர் பார்வையில் மட்டும் கொடுக்கிறார்கள். உங்கள் கதையில் இப்படி ஒரு பொடி வந்தால் "நாங்கள் செய்த தப்பு" என்றே சொல்லுங்கள்.

அளவு, பிராண்ட், எதை எதோடு கலந்தார், எங்கே கிடைத்தது ஆகியவை வேண்டாம். மாத்திரை போதை, ஊசி போதைக் கதைகளில் இது இன்னும் முக்கியம். மாணவர்கள் முன்னால் மாத்திரையின் பெயரைச் சொன்னால் விழிப்புணர்வாக நீங்கள் நினைப்பது பாதிப் பேருக்கு விலாசம்.

தற்கொலையில் முடிந்த கதை என்றால் எப்படி, எங்கே என்ற இரண்டையும் அடியோடு விடுங்கள். "இனி அவருக்கு நிம்மதி" என்ற வரியையும் எடுத்துவிடுங்கள். அதே வலியில் இருக்கும் இன்னொருவருக்கு அது வழிகாட்டிப் பலகை மாதிரி ஆகிவிடும். இந்திய பிரஸ் கவுன்சில் 2019ல் பத்திரிகைகளுக்குச் சொன்னதும் ஏறக்குறைய இதுதான்.

கஞ்சா, மற்ற போதைப் பொருட்களிலிருந்து மீண்டவர்கள் பேசும்போது ஒன்றை நினைவில் வையுங்கள். 1985ம் ஆண்டு போதைப் பொருள் சட்டத்தின்படி உட்கொள்வதே குற்றம். தானாகச் சிகிச்சைக்கு முன்வருபவருக்கு வழக்கிலிருந்து பாதுகாப்புத் தர அதே சட்டத்தில் 64ஏ என்ற பிரிவு இருக்கிறது, ஆனால் எல்லாச் சூழலுக்கும் அது பொருந்தாது. பழைய கூட்டாளிகள், விற்றவர்கள் என்று விவரமாகப் போகும் எண்ணம் இருந்தால் முதலில் ஒரு வக்கீலிடம் காட்டுங்கள்.

அரசியல்? இதை எல்லோரும் கேட்கிறார்கள். தமிழ்நாட்டில் 2003லிருந்து மதுவைச் சில்லறையில் விற்பது அரசின் டாஸ்மாக். ஆகவே குடியைப் பற்றி என்ன பேசினாலும் மூன்றாவது நிமிடத்தில் "கடையை மூடு" என்று யாராவது எழுந்திருப்பார்கள். எனக்கும் அதில் கருத்து உண்டு, கிராம சபையில் கையெழுத்தும் போட்டிருக்கிறேன். ஆனால் பள்ளிக்கூடத்தில் அண்ணன் கதையைச் சொல்லும்போது அதைத் தொடுவதில்லை. தொட்டால் அந்த அறையில் இருக்கும் ஆட்கள் கட்சியாகப் பிரிந்துவிடுகிறார்கள், அரை டம்ளர் காப்பி மறந்துபோகிறது.

5. எந்தச் சொல்

"குடிநோயாளி" என்ற சொல் ஆஸ்பத்திரி வாடை அடிக்கிறது என்று எனக்கே முதலில் தோன்றியது. ஆனாலும் அதைத்தான் சொல்கிறேன். "குடிகாரன்" என்றால் திட்டு, அதைக் கேட்டு யாரும் டாக்டரிடம் போனதில்லை. மற்றபடி மருத்துவத் தமிழை மேடையில் கொட்டாதீர்கள். "கல்லீரல் சுருங்கிப்போச்சு", "வயித்துல தண்ணி கோத்துக்கிச்சு" என்று வீட்டில் பேசுவது போதும். தன்னைத் தானே "குடிகாரன்" என்று சொல்லிக்கொள்ளும் மீண்டவர்களைத் திருத்தாதீர்கள். அது அவர்கள் பாடு.

6. எங்கே பேசுவது

சின்ன இடத்தில் தொடங்குங்கள். மகளிர் சுய உதவிக்குழுக் கூட்டம் எனக்குப் பிடித்த இடம். பத்துப் பதினைந்து பேர், எல்லோருக்கும் எல்லோர் வீடும் தெரியும், யாரும் யாரையும் படம் எடுப்பதில்லை. சாதாரணப் பெண்களின் கதை எவ்வளவு தூரம் போகும் என்பதற்குப் பக்கத்து மாநிலத்திலேயே உதாரணம் இருக்கிறது. 1990களின் தொடக்கத்தில் ஆந்திராவின் நெல்லூர் மாவட்டத்தில் எழுத்தறிவு வகுப்புகளுக்கான பாடப் புத்தகத்தில், சாராயத்தை எதிர்த்து நின்ற பெண்களின் கதை ஒரு பாடமாக இருந்தது. துபகுண்டா ஊர்ப் பெண்கள் அதைப் படித்துவிட்டுத் தங்கள் வீட்டுக் கதைகளைப் பேச ஆரம்பித்தார்கள். பேச்சு சாராயக் கடை வாசலுக்குப் போனது, 1992ல் மாவட்டம் முழுக்கப் பரவியது. 1993 அக்டோபரில் மாநிலம் முழுவதும் சாராயத்துக்குத் தடை வந்தது. எழுத்துக் கூட்டிப் படிக்க வந்தவர்கள் அவர்கள்.

கிராம சபையில் பேச விரும்பினால் ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகியவை வழக்கமான நாட்கள். மார்ச் 22, நவம்பர் 1 என்று இரண்டு பின்னால் சேர்ந்தன. அங்கே கதை நீண்டால் எடுபடாது. இரண்டு நிமிடத்தில் நடந்ததைச் சொல்லி, தீர்மானமாக என்ன வேண்டும் என்று கேட்டு உட்கார்ந்துவிடுங்கள்.

பள்ளி, கல்லூரிகள் ஜூன் 26 போதை ஒழிப்பு நாளையொட்டிக் கூப்பிடும். போகும் முன்னால் கேட்க வேண்டியது ஒன்றுதான்: நான் பேசி முடித்த பிறகு ஒரு பிள்ளை அழுதுகொண்டு வந்தால் பார்த்துக்கொள்ள உங்களிடம் ஆள் இருக்கிறதா? இல்லை என்று சொன்ன ஒரு பள்ளிக்கு நான் போகவில்லை. கோபித்துக்கொண்டார்கள்.

தொலைக்காட்சி, யூடியூப் சேனல்காரர்கள் கூப்பிட்டால் மெதுவாக. ஒரு சேனல் என் பேச்சை எடுத்துக்கொண்டு போய், அண்ணன் கல்யாணப் போட்டோவை நான் கொடுக்காமலே எங்கிருந்தோ பிடித்துப் போட்டு, சோக இசையும் சேர்த்தது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60க்கும் மேற்பட்டோர் இறந்தபோது, கருணாபுரத்தில் அழுகிற பெண்கள் முகத்துக்கு நேரே மைக் நீண்டதை எல்லோரும் பார்த்தோம். அந்தப் பெண்களிடம் யாரும் அனுமதி கேட்டதாகத் தெரியவில்லை. அரசு 10 லட்சம் நிவாரணம் அறிவித்ததும், "குடிச்சுச் செத்தவனுக்கு எதுக்குக் காசு" என்ற பேச்சு ஊரெல்லாம் கிளம்பியது. கேமரா முன் உட்காரும் முன்னால் இதை நினைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பேச்சு உங்கள் பக்கமும் வரும். எந்தப் படத்தைப் போடுவார்கள், என்ன தலைப்பு வைப்பார்கள், நீக்கச் சொன்னால் நீக்குவார்களா என்பதை எழுத்தில் வாங்குங்கள். தயங்கினால் எழுந்து வந்துவிடுங்கள். அனானிமஸ்காரர்கள் பத்திரிகை, சினிமா என்று வந்தால் முழுப் பெயரும் முகமும் காட்டுவதில்லை என்பதைக் கொள்கையாகவே வைத்திருக்கிறார்கள். பெயர் இல்லாமல் சொன்னாலும் கதை கதைதான்.

பெயரோடு நின்றவர்களும் உண்டு. சாந்தி ரங்கநாதன் தன் கணவரைக் குடிநோய்க்குப் பறிகொடுத்தவர். குடியை ஒழுக்கக்கேடாக மட்டுமே ஊர் பார்த்த காலத்தில், 1980ல் சென்னையில் அவர் தொடங்கிய சிகிச்சை மையம்தான் இன்று டி.டி.கே. மருத்துவமனை என்று அறியப்படுகிறது. 1992ல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. தன் வீட்டு இழப்பை மறைக்காமல் சொன்னதால், அவரிடம் வந்த மனைவிமார்களுக்குத் தங்கள் கதையைப் புதிதாக விளக்க வேண்டிய தேவை இருந்திருக்காது.

7. பேசுகிற அன்றைக்கு

கூட ஒருவரை அழைத்துப் போங்கள். அவர் மேடைக்கு வர வேண்டாம், நீங்கள் பார்க்கும் இடத்தில் உட்கார்ந்தால் போதும். போன்களை அணைத்து வைக்கச் சொல்லி நிகழ்ச்சி நடத்துபவரே கேட்டுக்கொள்ளட்டும். தொண்டை அடைத்தால் நிறுத்தித் தண்ணீர் குடியுங்கள், யாரும் அவசரப்படுத்த மாட்டார்கள். "எவ்வளவு குடிப்பார்?", "உங்களை அடிப்பாரா?" மாதிரிக் கேள்விகள் வரும். "அதைச் சொல்ல விரும்பவில்லை" என்ற பதிலை வீட்டிலேயே வாய்விட்டுச் சொல்லிப் பழகிக்கொள்ளுங்கள். மேடையில் முதல்முறையாகச் சொல்ல வராது.

8. பேசி முடித்த பிறகு வருகிறவர்

உண்மையான வேலை இங்கேதான் இருக்கிறது. கூட்டம் கலைந்த பிறகு யாராவது ஒருவர் தயங்கித் தயங்கி நிற்பார். ஒரு அரசுப் பள்ளியில் பத்தாம் வகுப்புப் பையன் ஒருவன் குழாயடியில் கை கழுவுவது போல நின்றுகொண்டே இருந்தான். நான் பக்கத்தில் போனதும் கேட்டான்.

"சார், ரெண்டு கையால டம்ளரப் பிடிச்சா அது குடியாலதானா?"

"எல்லாருக்கும் அப்படி இல்லப்பா. யாரு பிடிக்கிறா?"

"சும்மா கேட்டேன் சார்."

அதற்கு மேல் தோண்டவில்லை. தோண்டக் கூடாது. சட்டைப்பையில் எப்போதும் வைத்திருக்கும் துண்டுச் சீட்டைக் கொடுத்தேன். அதில் போதை மீட்புக்கான தேசிய உதவி எண் 14446, மனநல உதவிக்கான டெலிமானஸ் எண் 14416, தமிழ்நாட்டின் மருத்துவ உதவி எண் 104 மூன்றும் இருக்கும். "வீட்டுல யாராவது திடீர்னு நிறுத்தினா, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும். அதை மட்டும் ஞாபகம் வச்சுக்க" என்றேன். பள்ளியில் ஒரு டீச்சரிடம் பேசலாமா என்று அவனிடமே கேட்டேன். தலையாட்டினான். டீச்சரிடம் சொல்லிவிட்டு வந்தேன். அதற்குப் பிறகு அவன் வீட்டைத் தேடிப் போகவில்லை. உங்கள் சொந்தப் போன் நம்பரைக் கொடுக்காதீர்கள். ராத்திரி இரண்டு மணிக்கு அழைப்பு வரும், அதற்கு உங்களால் ஈடுகொடுக்க முடியாது. எங்கள் ஊரில் நம்பர் கொடுத்துக் கொடுத்தே உடம்பு கெட்ட ஒருவர் இருக்கிறார்.

சந்தேகம் உள்ளவர்கள் இப்படியும் கேட்பார்கள்: ஒருவர் பேசுவதால் யார் குடியை விடப் போகிறார்கள்? 2019ல் மத்திய அரசு வெளியிட்ட கணக்கெடுப்பின்படி 10 முதல் 75 வயதுக்குள் சுமார் 16 கோடிப் பேர் மது குடிக்கிறார்கள், அதில் 5.7 கோடிப் பேருக்கு உதவி தேவைப்படுகிறது. அந்தக் கோடிகளைப் பார்த்தால் நம்முடைய 12 நிமிடம் கொசுவுக்குச் சமம்தான். நான் அந்தக் கணக்கைப் பார்ப்பதில்லை. சீட்டு எத்தனை தீர்ந்தது என்று பார்ப்பேன்.

மறுநாள் வேலை எதுவும் வைத்துக்கொள்ளாதீர்கள். உடம்பு அடித்துப்போட்ட மாதிரி இருக்கும். மாதத்துக்கு இரண்டு கூட்டத்துக்கு மேல் நான் ஒத்துக்கொள்வதில்லை, திதி வருகிற மாதம் ஒன்றும் கிடையாது. போதும் என்று தோன்றினால் நிறுத்திவிடலாம். யாருக்கும் காரணம் சொல்ல வேண்டியதில்லை.

அண்ணி இப்போது என்னோடு பேசுகிறார். தாலிக்கொடியை இங்கே எழுதலாமா என்று கேட்டேன். "அது ஊருக்கே தெரிஞ்சு போச்சு, எழுதுங்க" என்றார். போன ஆடியில் தன் மகளிர் குழுவில் அவரே முதல்முறையாகப் பேசினார். வாசல் ஓரம் உட்கார்ந்து கேட்டுக்கொள்ள எனக்கு அனுமதி கிடைத்தது. எனக்கு இத்தனை வருடமும் தெரியாத ஒரு ராத்திரியைப் பற்றிச் சொன்னார். வீட்டுக்குத் திரும்பும்போது, "அத நீங்க எங்கயும் பேசாதீங்க தம்பி, அது என்னோடது" என்றார். சரி என்றேன்.